கார் ஸ்டீரியோ மேம்பாடு: வாட்ஸைப் பார்க்கும் முன் கதவைப் பாருங்கள்

காரோடு வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்தவற்றை மாட்டிய பலர் முதல் நாளே குழம்பிப் போகிறார்கள். பாட்டில் சலங்கை ஒலி தெளிந்திருக்கும். தவிலும் பேஸ் கிதாரும் முன்பைவிட மெலிந்திருக்கும். ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கரில் குறை இருக்காது. அது உட்கார்ந்திருக்கும் கதவு, அதற்குப் போய்ச் சேரும் சக்தி, அளந்து பார்க்காமல் திருகிவிட்ட கெயின் (ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஒரு திருகு) ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைக் கெடுக்கின்றன.

காரோடு வரும் ஸ்பீக்கர் மலிவானதுதான். மெல்லிய காகிதக் கூம்பு, சிறிய காந்தம், பிளாஸ்டிக் சட்டம். ஆனால் கூம்பின் எடை குறைவு என்பதால் கொஞ்சம் சக்திக்கே நன்றாக அசையும். கார் தயாரிப்பாளர், டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் செட்டுக்குள் உள்ள சிறிய ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபயர்) அந்தக் கதவுக்கும் பொருந்தும்படி அதைச் சமன்செய்து வைத்திருப்பார். வெளியில் வாங்கும் ஸ்பீக்கரின் கூம்பு கனமானது, விளிம்பு விறைப்பானது. அது அதிக சக்தியைத் தாங்கும். அதே காரணத்தால் அதிக சக்தியைக் கேட்கவும் செய்யும். பழைய செட்டிலேயே அதை இணைத்தால் கேட்பது கிடைக்காது.

செட்டில் எழுதியிருக்கும் 50 வாட்ஸ்

பெரும்பாலான செட்டுகளில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அது உச்சக்கட்ட எண். தொடர்ந்து சுத்தமாகக் கிடைப்பது அதல்ல. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் சிப் தன் இழப்பு போக சுமார் 13 வோல்ட் உச்சம் வரை ஸ்பீக்கரை ஆட்டும். 13-ஐ 1.414-ஆல் வகுத்தால் 9.2 வோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது சக்தியைக் கணக்கிட உதவும் ஒருவகைச் சராசரி. அதை வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 21 வாட்ஸ். 12 வோல்ட் மின்சாரத்தை உள்ளே உயர்த்தாத எந்தச் செட்டும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதற்கு மேல் பெரிதாகத் தர முடியாது. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பவர் சப்ளை வோல்ட்டை உயர்த்தித் தருகிறது. அது கூடுதலாகச் செய்யும் முக்கியமான வேலையே இதுதான்.

இந்த 21 வாட்ஸ் போதுமா என்பது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பொறுத்தது. குறிப்பிட்ட சிறு சக்திக்கு அது எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்ற எண் அது. 3 டெசிபல் கூட வேண்டுமானால் இரண்டு மடங்கு சக்தி தேவை. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி தேவை. 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் தர 50 வாட்ஸ் வேண்டும். ஆம்ப் போடும் எண்ணம் இல்லாதவர் 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கராகத் தேட வேண்டும். 'அதிக வாட்ஸ் தாங்கும்' என்பது அவருக்கு எந்தப் பலனும் தராத தகுதி.

சென்சிடிவிட்டி எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. சிலர் 1 வாட்டில் அளப்பார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். 8 ஓமில் இரண்டும் ஒன்றே. 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ், 2 ஓமில் 4 வாட்ஸ். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 3 டெசிபலும் 2 ஓம் ஸ்பீக்கரில் 6 டெசிபலும் கூடுதலாகத் தெரியும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும் முன் எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள்.

ஆம்ப் அட்டையில் 2000 வாட்ஸ் என்று இருந்தால் அதன் ஃப்யூஸைப் பாருங்கள். 40 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் உள்ளே போகும் சக்தியே 40 பெருக்கல் 13.8, அதாவது 552 வாட்ஸ்தான். வெப்பமாக வீணாவது குறைவான கிளாஸ் டி வகை ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை வெளியே தரும், அதாவது ஏறத்தாழ 440 வாட்ஸ். பழைய வகையான கிளாஸ் ஏபி என்றால் பாதிக்குச் சற்று மேல். சி.இ.ஏ.-2006 முறைப்படி அளந்தது என்று குறிப்பிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம்: 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள் சிதைவு என்ற ஒரே அளவுகோலில் எடுத்தது.

ஸ்பீக்கர் தேர்வு

கோஆக்சியல் ஸ்பீக்கரில் ட்வீட்டர் (உயர் அதிர்வெண்களுக்கான சிறு ஸ்பீக்கர்) கூம்பின் நடுவிலேயே இருக்கும். பழைய இடத்தில் நேராக உட்கார்ந்துவிடும். காம்போனென்ட் ஸ்பீக்கர் தொகுப்பில் ட்வீட்டரும், அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் தனித்தனி. கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது. உயர் அதிர்வெண்கள் நேர்கோட்டில் போகிறவை. சீட் துணியிலேயே பாதி கரைந்துவிடும். ட்வீட்டரை டேஷ்போர்டு ஓரத்துக்கோ கண்ணாடி முக்கோணத்துக்கோ ஏற்றினால் பாடகரின் குரல் காலடியிலிருந்து எழுந்து முகத்துக்கு நேராக வந்துவிடும். ஆகவே முன் கதவுகளுக்குக் காம்போனென்ட், பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிடுவது என்பது பணத்துக்கு ஏற்ற நல்ல ஏற்பாடு. நான்கு கோஆக்சியல் வாங்கும் பணத்தில் முன்பக்கம் மட்டும் நன்றாகச் செய்வது மேல்.

வாங்கும் முன் இரண்டு ஆழங்களை அளக்க வேண்டும். கதவு டிரிம்மை (உட்புற மூடு பலகை) கழற்றி, கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தளத்திலிருந்து கண்ணாடி வரை அளந்து கொள்ளுங்கள். அது ஸ்பீக்கரின் ஆழத்தைவிட 5 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். முன்பக்கம் டிரிம்மின் வலைக்கும் கூம்புக்கும் இடையிலும் இடம் வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ட்வீட்டர் வலையில் இடித்தால் ஒவ்வொரு அடிக்கும் கடகடக்கும். சில கார்களில் பழைய ஸ்பீக்கர் 2 ஓமாக இருக்கும். அந்த இடத்தில் 4 ஓம் மாட்டினால் அதே வோல்ட்டில் பாதி சக்திதான் போகும். மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் 2 ஓம் ஸ்பீக்கர் 1.6 முதல் 1.9 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரையும் காட்டும்.

கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி

பேஸ் மெலிந்ததற்கான விடை பெரும்பாலும் கதவில் இருக்கிறது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் காற்று இழுபடுகிறது. முன் அலையும் பின் அலையும் நேர்மாறானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளம் பெரிதாக இருக்கும் தாழ்ந்த அதிர்வெண்களில் இது முழுமையாக நடக்கும். கதவின் உள் தகட்டில் மெக்கானிக் கை நுழைய விட்ட பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். பின் அலை அதன் வழியாகச் சுலபமாக வெளியே வந்து முன் அலையைச் சந்திக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் மாட்டினாலும் பேஸ் அந்த ஓட்டைகளிலேயே வடிந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். அதில் இல்லாவிட்டால் 10 நிமிடமாவது போகட்டும். ஏர்பேக் சுற்றில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். சில கார்களின் கதவுக்குள் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் இருக்கும். அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. அப்படிப்பட்ட கதவில் உள் தகட்டை மூடலாமா என்பதைக் கார் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

டிரிம்மைப் பிளாஸ்டிக் நெம்பியால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் கிளிப்பை உடைக்கும். கிளிப்கள் ஐந்தாறு உபரியாக வாங்கி வைப்பது நல்லது, பழையவற்றில் சில உடையத்தான் செய்யும். தகட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள் ஒட்டும் டேம்பிங் ஷீட்தான் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுத்தாள்) பிறகு கதவுக்குள் கழன்று விழுந்து கண்ணாடிப் பாதையை அடைக்கிறது.

டேம்பிங் ஷீட் பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டியதாக, 2 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். தார் கலந்த மலிவான ஷீட் வெயிலில் இளகி வழியும், நாறும். வெளித் தகட்டின் உட்புறத்தை முழுதாக மூட வேண்டியதில்லை. விரலால் தட்டிப் பாருங்கள். தகரம் போல 'டங்' என்று ஒலிக்கும் நடுப் பகுதிகளில் ஒட்டி, 'தொப்' என்று அடங்கும் வரை போதும். பரப்பில் கால் பங்கு முதல் பாதி வரை மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவது கதவின் எடையைத்தான் கூட்டும். உருளையால் அழுத்தி, அலுமினியத் தாளில் இருக்கும் மேடு பள்ள வடிவம் தட்டையாகும் வரை உருட்ட வேண்டும்.

உள் தகட்டின் ஓட்டைகளை மூடுவதுதான் இதைவிட முக்கியமான வேலை. பெரிய ஓட்டையில் ஷீட்டை மட்டும் ஒட்டினால் அது டிரம் தோல் போலத் துடிக்கும். அலுமினியத் தகட்டையோ ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகையையோ வெட்டித் திருகி, அதன் மேல் ஷீட் ஒட்டுங்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் கழற்ற முடியும்படி இருக்கட்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அதுதான். அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கர் வளையத்துக்கு எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஈரத்தில் உப்பி உதிரும். கெட்டிப் பிளாஸ்டிக்கோ, நீர் புகாமல் பூசிய பிளைவுட்டோ போதும். வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் காற்றுப் போகாதபடி ஃபோம் பட்டை வைத்துத் திருகவும். ஸ்பீக்கரின் முன்பக்க ஓரத்திலும் ஒரு ஃபோம் வளையம் ஒட்டி டிரிம் வலையோடு சேர்த்துவிட்டால், ஒலி டிரிம்முக்குப் பின்னால் கசியாமல் காருக்குள் வரும்.

கம்பி, ஃப்யூஸ், எர்த்

நான்கு சேனலில் தலா 75 வாட்ஸும் ஒரு சிறிய சப்வூஃபரும் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) சேர்த்து 400 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதத் திறனில் 500 வாட்ஸை இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 36 ஆம்பியர். கிளாஸ் ஏபி என்றால் 50-ஐத் தாண்டும். 5 மீட்டர் நீளமும் 8 சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள செம்புக் கம்பியில் 50 ஆம்பியர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே கரையும். 21 சதுர மில்லிமீட்டர் கம்பியில், அதாவது 4 கேஜில், 0.2 வோல்ட்தான். செம்பு பூசிய அலுமினியக் கம்பி பார்க்க அதே தடிமனில் இருக்கும். மின்தடை ஒன்றரை மடங்கு. அதை வாங்கினால் இரண்டு கேஜ் பெரிதாக வாங்க வேண்டும். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரிவது அலுமினியம்.

ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பிக்குக் காவல். பேட்டரியிலிருந்து கம்பி போகும் வழியில் எங்காவது உறை கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். ஆகவே ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ் இடையில் உள்ள 4 மீட்டருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அதன் அளவு, ஆம்ப்பில் இருக்கும் ஃப்யூஸ்களின் கூட்டுத்தொகையை ஒட்டியும் கம்பி தாங்கும் அளவைத் தாண்டாமலும் இருக்கட்டும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் கம்பியை இழுக்கவே கூடாது. தகட்டின் விளிம்பு கத்தி போன்றது.

எர்த் கம்பியும் பவர் கம்பியின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள். பாடியில் பெயின்ட்டை வெறும் உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, லக்கை (கம்பி நுனியில் மாட்டும் உலோக வளையம்) நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கி, பிறகு மேலே பெயின்ட் பூசவும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பது தவறு. அது உயிர் காக்கும் இணைப்பு. இடையில் லக் நுழைத்தால் அதன் பிடிப்பு மாறும். துளையிடும் முன் காரின் அடியில் போய்ப் பாருங்கள். பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டாங்க் இருக்கலாம்.

விளக்குகள் பேஸ் அடிக்குத் துடித்தால் கடையில் ஒரு ஃபாரட் கப்பாசிட்டரைக் காட்டுவார்கள். 14 வோல்ட்டிலிருந்து 13-க்கு இறங்கும்போது அது தருவது 13.5 ஜூல், 500 வாட்ஸ் சுமைக்கு அது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரம்கூட வராது. அந்தப் பணத்தில் ஆல்டர்னேட்டர் முதல் பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவ் முதல் பாடி, எஞ்சின் முதல் பாடி என்ற மூன்று கம்பிகளைத் தடிமனாக மாற்றுவது நிஜமான தீர்வு. அதற்கும் அடங்காவிட்டால் ஆல்டர்னேட்டர் போதவில்லை.

பழைய செட்டிலிருந்து சிக்னல் எடுப்பது

இப்போதைய கார்கள் பலவற்றில் செட்டை எளிதில் கழற்றி மாற்ற முடியாது. ஏசி கட்டுப்பாடும் கேமராத் திரையும் அதற்குள் இருக்கும். ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சிக்னல் எடுத்து ஆம்ப்பின் ஹை லெவல் இன்புட்டுக்கு (ஸ்பீக்கர் கம்பியின் சிக்னலை ஏற்கும் நுழைவாய்) கொடுக்கலாம். அந்தக் கம்பிகளில் நெகட்டிவ் என்பது எர்த் அல்ல. இரண்டு முனையும் ஆம்ப்பால் இயக்கப்படுபவை. நெகட்டிவைப் பாடியில் தொட்டால் செட்டின் சிப் போய்விடலாம். இன்னொன்று, பல செட்டுகள் வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமாகக் குறைக்கும், மலிவான ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. ஆம்ப் மாட்டிய பிறகும் இது தொடரும். டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும்) கருவி ஒன்றை இடையில் வைத்து இதைப் பெருமளவு சரிசெய்யலாம்.

கெயினும் ஃபில்டரும்

கெயின் வால்யூம் அல்ல. செட் தரும் வோல்ட்டுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு அது. அதிகமாகத் திருப்பினால் ஆம்ப்பின் சக்தி கூடாது. எல்லையை எட்டும் இடம்தான் முன்னால் வரும். எல்லையைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்படும். அதுவே கிளிப்பிங். வெட்டுப்பட்ட அலையில் சராசரி சக்தி அதிகம், உயர் அதிர்வெண் கசடும் அதிகம். ட்வீட்டர் சுருள் கருகுவதற்கு வழக்கமான காரணம் இதுதான். சிறிய ஆம்ப்பை மட்டுமீறி முறுக்கினாலும் பெரிய ஸ்பீக்கர் எரியும் என்பதன் விளக்கமும் இதுவே.

மல்டிமீட்டரும் டெஸ்ட் டோனும் இருந்தால் அளந்தே வைக்கலாம். ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம். ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட்டும் ஃபில்டர்களும் அணைந்திருக்கட்டும். கெயின் முழுக்கக் குறைவில். எஞ்சினை ஓடவிட்டு, 0 டெசிபல் அளவிலான 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும். 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். 300 வாட்ஸ், 2 ஓம் சப்வூஃபருக்கு 24.5 வோல்ட், அதற்கு 50 ஹெர்ட்ஸ் டோன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அந்த எண் வரும்வரை கெயினைத் திருப்பி நிறுத்துங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் பல, சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது. இதன் பிறகு அந்த முக்கால் அளவைத் தாண்டி வால்யூமை ஏற்றக் கூடாது.

ஸ்பீக்கரைத் திரும்ப இணைக்கும் முன் ஃபில்டர்களைப் போட்டாக வேண்டும். அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசையும் கூம்பு 40-இல் 4 மில்லிமீட்டர் போகும். 16.5 சென்டிமீட்டர் கதவு ஸ்பீக்கருக்கு அது பெரும் சுமை. சப்வூஃபர் இருந்தால் கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ளதைத் தடுப்பது), சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ் லோ பாஸ் (அதற்கு மேலுள்ளதைத் தடுப்பது), கிடைத்தால் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண்ணின் ஒவ்வொரு இரு மடங்குக்கும், 24 டெசிபல் சரிவு. கதவு ஸ்பீக்கர் இலேசாகிக் குரல் தெளிவதை உடனே உணரலாம்.

சப்வூஃபரில் இரட்டைச் சுருள் வாங்குவோர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 4 ஓம் சுருள் இரண்டை இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8. ஆம்ப் பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இயக்குவது) 4 ஓம் வரைதான் தாங்கும் என்றால் 2 ஓமைக் கொடுத்ததும் சூடேறி, தன்னைக் காக்க அணைந்துகொள்ளும் புரொடெக்ட் நிலைக்குப் போகும். பெட்டியின் கொள்ளளவு தயாரிப்பாளர் சொல்லும் லிட்டரில் இருக்கட்டும். இசைக்கு மூடிய பெட்டி, அதிரடிச் சத்தத்துக்குப் போர்ட் வைத்த பெட்டி.

துருவமும் தாமதமும் மிஞ்சியவை. ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் இரண்டு கதவுகளின் பேஸும் ஒன்றையொன்று விழுங்கும். 1.5 வோல்ட் செல்லை வூஃபர் முனைகளில் ஒரு கணம் தொட்டால், பிளஸ் சரியாக இருக்கும்போது கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். சப்வூஃபருக்கு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, கம்பியை மாற்றி மாற்றிக் கேட்டு, எதில் சத்தம் கூடுதலோ அதை வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு ஒரு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும் மற்றது 140 சென்டிமீட்டரிலும் இருந்தால் இடைவெளி 50. ஒலி ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், அருகில் உள்ளதை டி.எஸ்.பி.யில் ஏறத்தாழ 1.5 மில்லி நொடி தாமதப்படுத்த வேண்டும். அந்த ஒரு திருத்தத்தில் பாடகர் பக்கக் கதவிலிருந்து டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார்.

பிறகு வரும் கோளாறுகள்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ங்' சத்தம் ஆல்டர்னேட்டரின் அலைவு. செட்டின் எர்த்துக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் சிறு வோல்ட் வித்தியாசம் இருக்கும்போது, செட்டிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கம்பியின் வெளியுறை வழியாக அது பாய்கிறது. ஆம்ப்பை அணைத்து, ஆர்.சி.ஏ.யைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மீண்டும் இயக்குங்கள். சத்தம் நீடித்தால் கோளாறு ஆம்ப்பின் எர்த்தில். மறைந்தால் செட்டிலோ கம்பியிலோ. ஆர்.சி.ஏ.யைப் பவர் கம்பியோடு ஒட்டி இழுத்திருந்தால் மறுபக்கத்துக்கு மாற்றவும். வடிகட்டி வாங்குவது கடைசி வழி. ஆம்ப் ஓடும்போது ஆர்.சி.ஏ.யைப் பிடுங்காதீர்கள், சில செட்டுகளில் உள்ளே மயிரிழைப் பாதை எரிந்து, நிரந்தர இரைச்சலாகிவிடும்.

கதவைத் திறந்து மூடும்போது ஒரு ஸ்பீக்கர் விட்டுவிட்டு ஒலித்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் கம்பி முறிந்திருக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும் வெயிலில் பசை இளகிக் கழலும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டது நிற்கும். வேலை முடிந்து ஒரு மாதத்தில் எர்த் போல்ட்டையும் ஆம்ப் முனைகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள், பல இழைக் கம்பி அழுத்தத்தில் தானாகப் படிந்து தளரும். அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடவிட்டு, செட்டை அணைத்த பிறகு ஃப்யூஸ் உறையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது.